மூன்றாம் முறையும் எட்டாம் வகுப்பு

நான் முட்டை சாப்பிடுவதை நிறுத்தியதற்கு டாக்டர் காரணமில்லை. சென்ற தை மாதம் கேரளத்துக்குப் போய் வந்ததுதான் காரணம்.

பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே தமிழ் வழியில் அறிவியல் கற்பிக்கப் பழகும் பி.எட். மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு நடத்த வெளியாள் வேண்டும் என்று கேட்டார்கள். பயிற்சி மாணவி பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு எடுப்பாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். புதுக்கோட்டை பி.எட். கல்லூரியில் இதே வேலையைத்தான் இத்தனை வருடமாகச் செய்து முதுகுவலி வாங்கி வைத்திருக்கிறேன். போகிற இடங்களில் ஒன்று மூணாறு தாண்டி சூரியநெல்லி என்றதும், சரி, மலையைப் பார்த்தமாதிரியும் ஆயிற்று என்று தலையாட்டிவிட்டேன்.

பொள்ளாச்சிக்குப் பிறகு கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. தென்னை மாறவில்லை, பேச்சும் மாறவில்லை. "ஏனுங்கக்கா, அந்தப் பைய மடியில வெச்சுக்கங்க, பெரியவரு உக்காரட்டும்" என்று கண்டக்டர் சொன்னபோது பஸ் கேரளத்துக்குள் வந்து வெகுநேரமாகியிருந்தது. பெரியவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனார். புதுக்கோட்டை பஸ்ஸாக இருந்தால் எழுப்பியிருப்பேன். வெளிநாட்டுக்கு வந்ததுபோல ஒரு மரியாதை எனக்குள் புகுந்துகொண்டதால் சும்மா இருந்தேன்.

பயிற்சி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயது இருக்கும். அவர் பேசிய மலையாளத்தைத் தமிழில் தருகிறேன்: "எங்கள் மையம் வெறும் பட்டம் கொடுக்கிற இடம் இல்லை, டீச்சர். சமூகத்துக்குள் இறங்கி வேலை செய்கிறோம். எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள், எஸ்டேட் பிள்ளைகள், யாரும் போகாத இடத்துக்கு எங்கள் மாணவிகள் போகிறார்கள்." சுவர் முழுக்கப் படங்கள். மரக்கன்று நடும் படம், ஊர்வலம் போகும் படம், பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் படம். எல்லாப் படத்திலும் பேனர் பெரிதாகவும் பிள்ளைகள் சிறிதாகவும் இருந்தார்கள். எனக்கு அப்போது அது தப்பாகப் படவில்லை. எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் படம் எடுப்போம்.

மதியச் சாப்பாடு மட்டை அரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக மென்றாக வேண்டும். மோர்க்குழம்பும் பயறுத் தோரனும் நன்றாக இருந்தன. கூடவே முட்டை ரோஸ்ட். இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். அது கடைசி என்று தெரியாது.

பிற்பகல் அருகிலிருந்த பள்ளியில் முதல் தேர்வு. மாணவியின் பெயர் கவிதா, கொழிஞ்சாம்பாறைக்காரி. விவசாயக் குடும்பம். எட்டாம் வகுப்பில் திரவங்களின் அடர்த்தி பற்றிய பாடம். ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வைத்து முட்டையைப் போட்டாள், மூழ்கியது. உப்பைக் கரைத்தாள், முட்டை மேலே வந்தது. "ஏன் மேல வந்துச்சு? யாரு சொல்றீங்க?" என்றாள். ஒரு பையன் எழுந்து, முட்டையின் கனம் குறைந்துவிட்டது என்று தவறாகச் சொன்னான். அவள் அழகாகத் திருத்தினாள். இன்னொருத்தி எழுந்து சரியான விடை சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பாடத்தை முடித்த அதே நொடியில் மணியடித்தது.

நல்ல மதிப்பெண் போட்டேன். வெளியே வந்ததும் கவிதா, "பசங்க ரொம்ப ஒத்தாசை பண்ணிப்போட்டாங்க மேடம்" என்றாள்.

"என்ன ஒத்தாசை?"

"இல்லீங்க... நல்லாப் பதில் சொன்னாங்கன்னு சொன்னேனுங்க" என்று சிரித்து மழுப்பினாள். எனக்குப் பசி. நான் துருவிக் கேட்கவில்லை.

மறுநாள் மலையேற்றம். பஸ் வளைவுக்கு வளைவு இரைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் என் புடவையில் வாந்தி எடுத்தாள். எடுத்த பிறகு மன்னிப்புக் கேட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் திணித்தாள். "மோந்து பாருங்க, உங்களுக்கு வராது." எனக்கு வந்தது, அந்த வாடையினால். மூணாறில் இறங்கிக் குழாயடியில் புடவையை அலசிக்கொண்டிருந்தபோது இரண்டு சுற்றுலாப் பையன்கள் என்னைப் படம் பிடித்தார்கள். மலையின் அழகைப் பற்றி எழுதத்தான் ஆசை, ஆனால் அந்த நாள் அப்படி அமையவில்லை.

அங்கிருந்து ஜீப். பாதி வழியில் வண்டி நின்றது. "ஆன நிக்குது டீச்சர். அது போனாத்தான் நாம போக முடியும்" என்றார் டிரைவர். எங்கே என்று பார்த்தேன். ரோட்டோரத்து ஏலக்காட்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு தெரிந்தது. ஜீப்பில் இருந்த பெண்கள் கதையை நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் ரயில்வே கேட் மூடியிருந்தால் எவ்வளவு பதறுவோமோ அவ்வளவுகூட அவர்கள் பதறவில்லை. "டீச்சரம்மா எந்த ஊரு?" என்று ஒருத்தி கேட்டாள். புதுக்கோட்டை என்றேன். "எங்க தாத்தாவுக்கு சங்கரன்கோயில் பக்கம். நாங்க போனதே இல்ல" என்றாள். யானை தன் வேலையை முடித்துக்கொண்டு நகர்ந்த பிறகு நாங்களும் நகர்ந்தோம்.

சூரியநெல்லியில் என்னை வரவேற்க நசீமா நின்றிருந்தாள். அதே மையத்தின் மாணவி, மறுநாள் தேர்வு வகுப்பு எடுக்க வேண்டியவள். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். அப்பாவுக்கு டவுனில் ரெடிமேட் துணிக்கடை. கம்பளித் தொப்பிக்கு மேல் முக்காடு, அதற்கு மேல் சால்வை. "இந்தக் குளிரு எனக்கு ஆகல டீச்சர். காலெல்லாம் அட்டை கடிச்ச தழும்பு. அத்தா நாளைக்குச் சாயந்தரம் மூணாறுக்கு வந்து கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். வீட்டுக்குப் போகிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அவளும் சின்னப் பெண்.

தேர்வு நடத்துகிறவர் முந்தின நாள் மாணவியோடு சுற்றக் கூடாது. ஆனால் எனக்குத் தங்க இடம் கொடுத்திருந்தது லயத்துக்கு அடுத்த ஒரு வீட்டில். லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. பொழுது சாயும் நேரத்தில் டீ குடிக்க வெளியே வந்தேன். லயத்தின் கடைசி வாசலில் ஆறேழு பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நசீமா, ஒரு பேட்டரியையும் பல்பையும் வயரால் இணைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் வகுப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர், பத்து" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். ஒல்லி, உயரம், இரட்டைப் பின்னல். பெயர் பவித்ரா. "எங்களுக்கு பிசிக்ஸ் டீச்சர் இல்ல. ஓணத்துக்கு முன்ன மாத்தலாகிப் போயிட்டாக. அப்புறம் தினக்கூலிக்கு ஒரு சார் வந்தாரு, குளிரு தாங்காம எறங்கிட்டாரு. நசீமா டீச்சர்தான் சாயந்தரம் சொல்லித் தாராக."

நான் நசீமாவைப் பார்த்தேன். "பள்ளியிலேயே எடுக்கலாமே?"

"பத்தாம் கிளாஸ எங்ககிட்ட விட மாட்டாங்க டீச்சர். பயிற்சிக்காரங்க எடுத்தா ரிசல்ட் போயிருமாம். எட்டும் ஒம்பதும்தான் எங்களுக்கு. எட்டுக்கு ஸ்கூல் டீச்சரே இருக்காங்க, அதுலயும் நாங்க மூணு பேர் மாத்தி மாத்தி எடுத்தோம். மத்த ரெண்டு பேர் எக்ஸாம் முடிச்சு எறங்கிட்டாங்க."

அதாவது டீச்சர் இருக்கிற எட்டாம் வகுப்புக்கு இன்னும் மூன்று டீச்சர். டீச்சரே இல்லாத பத்தாம் வகுப்புக்கு ஒருவரும் இல்லை. ரிசல்ட் கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையினால். எனக்கு டீ கசந்தது. இந்த விதி எங்கள் கல்லூரியிலும் உண்டு, நானே பலமுறை மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் அதன் மறுபக்கம் என் கண்ணில் பட்டதில்லை.

பவித்ராவின் அம்மா அப்போதுதான் கொழுந்து எடுத்து முடித்து வந்திருந்தார். பெயர் முத்துமாரி. இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. "நாளையோட டீச்சர் போயிருவாகளாமே? இன்னும் கரண்டு பாடமே பாதிதான் ஆயிருக்குங்குறா. பிளஸ் ஒன்னுல சயன்ஸ் கெடைக்கணும்னா இதுல நல்ல கிரேடு வேணுமாம்ல. இவளயும் கொழுந்தெடுக்க அனுப்ப எனக்கு மனசு வரல டீச்சரம்மா. பரீட்ச வரைக்கும் இவுகள இங்க நிப்பாட்டச் சொல்லுங்களேன்."

"நான் அதற்கான ஆள் இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன்.

பவித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், நாளைக்கு நசீமா டீச்சர் ஃபெயிலானா என்ன செய்வாக?"

"மறுபடி பயிற்சி செய்யணும்" என்றேன்.

"இங்கயேவா?"

"அநேகமா இங்கேயேதான்." யோசிக்காமல் சொன்ன பதில். நசீமா, "வாயக் கழுவுடீ" என்று சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். பவித்ரா சிரிக்கவில்லை.

அறைக்கு வந்து ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். நசீமாவுக்கு இஷ்டமிருந்தால், பொதுத் தேர்வு வரை அவளை இங்கே வைக்க முடியுமா, அதைச் சமூக சேவைக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "நல்ல யோசனை. ஆனால் விதியில் இடமில்லை, டீச்சர். சமூக சேவை முகாம் முடிந்து அறிக்கையும் அனுப்பிவிட்டோம். பள்ளிக்கூடச் சுவர் பார்த்தீர்களா? எங்கள் பிள்ளைகள் வரைந்தது" என்றார். குரலில் அத்தனை பெருமை. நல்ல மனிதர்தான். அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது.

காலையில் அந்தச் சுவரைப் பார்த்தேன். புத்தகத்திலிருந்து சூரியன் உதிக்கிற படம், கொழுகொழு கன்னத்தோடு பிள்ளைகள், கீழே பயிற்சி மையத்தின் பெயர். எதிர்க் கடைக்காரர் காலை உணவுக்கு முட்டைக் கறியும் ஆப்பமும் வைத்தார். ஆப்பத்தை மட்டும் சாப்பிட்டேன். நசீமாவுக்கும் அதே அடர்த்திப் பாடம்தான் என்று என் தாளில் இருந்ததால், அடுத்து என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது.

எட்டாம் வகுப்புக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மேசையில் கண்ணாடிக் குடுவை, உப்புப் பொட்டலம், முட்டை. முன்வரிசையில், முழங்கால் மேசையில் இடிக்க, இரட்டைப் பின்னலோடு பவித்ரா உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் வகுப்புப் பெண் எட்டாம் வகுப்பில். அவள் பக்கத்தில் இன்னும் இரண்டு பெரிய பிள்ளைகள். அவர்களும் முந்தின நாள் பாயில் பார்த்த முகங்கள். தலைமையாசிரியை என் காதருகே, "எக்ஸாம் கிளாஸுக்கு நல்லாப் பேசற பிள்ளைகள உக்கார வைக்கறதுதான் டீச்சர், எல்லா வருஷமும் உள்ள பழக்கம். நீங்களும் அறிஞ்சதுதானே" என்றார். அறிந்ததுதான். இதைவிட மோசமாகவும் பார்த்திருக்கிறேன். பவித்ரா எட்டில் இருந்தபோது இந்த வகுப்பில் உட்கார்ந்தாள், ஒன்பதில் இருந்தபோது கூட்டி வந்து உட்கார வைத்தார்கள், இப்போது பத்து என்று தலைமையாசிரியையே கணக்குச் சொன்னார். மூன்று வருடமாக இந்த முட்டை மிதப்பதைப் பார்த்து, மூன்று வருடமாக ஆச்சரியப்பட்டுக் கொண்டிருக்கிறாள்.

நசீமா ஆரம்பித்தாள். சார்ட்டை மாட்ட மறந்தாள். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்துபோய், பழக்கப்பட்ட கையால் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது. போன வருடத்துச் சார்ட், மூலையில் வேறு யாரோ ஒரு பயிற்சி மாணவியின் பெயர். முட்டை மூழ்கியது. உப்புப் போட்டதும் மிதந்தது. "இது ஏன் மேல வந்தது? பவித்ரா சொல்லு."

பவித்ரா எழுந்தாள். வகுப்பு முழுக்க அவள் வாயைப் பார்த்தது. விடை எல்லோருக்கும் தெரியும்.

"அது அழுகின முட்ட டீச்சர்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியை நாற்காலியில் நிமிர்ந்தார். தவறான விடை சொல்ல வேறு ஒரு பையனை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவன் பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் நான் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு இந்தப் பெண் தன் டீச்சரை ஃபெயிலாக்கப் பார்க்கிறாள்.

நசீமா கையிலிருந்த பாடக் குறிப்பை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "சரி, அழுகினதுதான்னு வெச்சுக்குவோம். அப்ப மொதல்ல ஏன் முங்குச்சு?"

"அப்ப நல்லா இருந்துச்சு. உப்பு பட்டு கெட்டுருச்சு" என்றாள் பவித்ரா, விடாப்பிடியாக.

நசீமா முட்டையை எடுத்துத் துடைத்து, வேறொரு டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றிப் போட்டாள். மூழ்கியது. "கெட்டது திரும்ப நல்லாயிருமா?"

அப்போது கடைசி வரிசையிலிருந்து, என் பக்கத்திலிருந்து, நிஜமான ஓர் எட்டாம் வகுப்புக் குட்டி எழுந்தது. யாரும் அதற்கு எந்த வசனமும் கொடுத்திருக்கவில்லை. "டீச்சர், அப்ப முட்டைக்கு ஒண்ணும் ஆகல. தண்ணிக்குத்தான் என்னமோ ஆயிருச்சு."

"என்ன ஆச்சு? வா, வந்து பாரு" என்றாள் நசீமா. குட்டி ஓடினாள். அவளுக்குப் பின்னால் நான்கைந்து பேர் ஓடினார்கள். ஒருத்தன் உப்புத் தண்ணீரைக் கையில் ஏந்தி, கனக்கிறதா என்று பார்த்தான். கடலில் மனிதன் மூழ்காமல் கிடப்பானா என்று ஒருத்தி கேட்டாள். சர்க்கரை போட்டாலும் வருமா என்று இன்னொருத்தன். தலைமையாசிரியை சர்க்கரை எடுத்துவர ஆள் அனுப்பினார்! பவித்ரா முதலில் தள்ளி நின்றாள். பிறகு அவளாலும் முடியவில்லை. மூன்று வருடமாகச் சொல்லிவந்த விடையின் அர்த்தம் என்னவென்று அவளும் குனிந்து குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணியடித்தது யார் காதிலும் விழவில்லை.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த தேர்வு வகுப்புகளில் உண்மையான வகுப்பு அது ஒன்றுதான். என்ன மதிப்பெண் போடுவேன்? கை கூசாமல் குறைத்துப் போட முடியுமா? போடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சார்ட்டை மறந்தாள், நேரத்தில் முடிக்கவில்லை, பாடக் குறிப்பைக் கைவிட்டாள் என்று காரணங்கள் கைவசம் இருந்தன. பவித்ராவுக்கு ஒரு டீச்சர் கிடைத்திருப்பாள். நசீமாவின் ஒரு வருடம் போயிருக்கும். இரண்டில் எது நியாயம் என்று தேர்வு செய்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு, பயிற்சி மையத்தார் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் போட்டதிலேயே அதிக மதிப்பெண்ணை அவளுக்குப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது நசீமா என்னிடம் மெல்ல, "அவ வேணும்னுதான் தப்பாச் சொன்னா டீச்சர். ரெண்டு நாளா ரிகர்சல் பாத்தோமே, எனக்குத் தெரியாதா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "இருந்திருவேன் டீச்சர், யாராவது இருன்னு சொல்லியிருந்தா. அட்டை கடிச்சாலும் சாரமில்ல, பரவால்ல." நேற்று வீட்டுக்குப் போகத் துடித்தவள்தான். இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

என் குடையை வகுப்பிலேயே விட்டுவிட்டேன். எடுக்கப் போனபோது பவித்ரா தனியாக இருந்தாள். குடுவையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு மார்க்கு போட்டீக டீச்சர்?"

"நிறைய."

"நான் தப்பாச் சொன்னேன்ல?"

"அதனாலதான் நிறைய" என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சார்ட்டைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரியில் பழைய சார்ட்டுகளோடு நிறுத்தி வைத்தாள்.

"அடுத்த வருசம் நான் இருக்க மாட்டேன் டீச்சர். எந்தங்கச்சி இப்ப ஏழாங்கிளாஸ். எப்ப கை தூக்கணும், எப்ப தப்பாச் சொல்லணும், எல்லாம் அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். வாரவுகளுக்குக் கஷ்டம் இருக்காது."

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். பவித்ரா அலமாரியைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனாள். வராந்தாவைக் கடக்கும்போது நானும் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் மின்சாரப் பாடத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் யாரும் இல்லை.